தூக்கிப் பிடித்த கை

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் பல வருஷம் வேலை பார்த்த டாக்டர்களிடமே சலவைக்கூடம் எங்கே என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள். தரைக்கு அடியில், பிணவறைக்கு அடுத்த கதவு. "நமக்கு வாய்ச்ச அக்கம்பக்கம் தங்கமானவங்க, ஒரு சத்தம் சச்சரவு கிடையாது" என்று அங்கே வேலை செய்யும் பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள். சத்தமெல்லாம் இந்தப் பக்கம்தான். துவைக்கும் மிஷின்கள் ஒரு சுவரோரம் உறுமிக்கொண்டிருக்கும். ஈரம் பிழிகிற மிஷின் நின்று நின்று அலறும். நடுவில் நீராவி உருளை. ஈரப் போர்வையை இந்தப் பக்கம் கொடுத்தால் அந்தப் பக்கம் மொறமொறவென்று வெளியே வரும். அதற்கப்பால் மடிக்கிற மேஜைகள். மேலே தெருவை ஒட்டிச் சின்ன ஜன்னல்கள். அதில் போகிற வருகிறவர்களின் செருப்பு மட்டும் தெரியும்.

அங்கே சங்கச் செயலாளராக இருந்தவளை எல்லோரும் போதுமக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பேர் சம்பளப் பட்டியலோடு சரி. அழுக்குத் துணி பிரிக்கிற பெண்களுக்கும் மடிக்கிற பெண்களுக்கும் பரம்பரைப் பகை மாதிரி ஒன்று உண்டு. போர்வைக்குள் ஊசி வந்தால் இவர்கள் அவர்களைச் சொல்வார்கள், பல் செட்டு வந்தால் அவர்கள் இவர்களைச் சொல்வார்கள். வாய் முற்றி, கை ஓங்குகிற நேரத்தில் அவள் உருளைக்குப் பின்னாலிருந்து வந்து, "போதும்" என்பாள். கத்த மாட்டாள். அந்த மிஷின் இரைச்சலிலும் அது எப்படியோ எல்லோர் காதிலும் விழும். அதோடு நின்றுவிடும்.

நிற்பதற்குக் காரணம் இருந்தது. அவள் யார் பக்கமும் சாய்ந்து யாரும் பார்த்ததில்லை. தேர்தல் வந்தால் ஒவ்வொரு கட்சிக்காரனும் அவளைத் தேடி வருவான். ஆஸ்பத்திரியைச் சுற்றி இருக்கிற தெருக்களெல்லாம் அங்கே வேலை செய்கிறவர்களின் குடியிருப்பு. துப்புரவு ஆட்கள், வாட்ச்மேன்கள், வண்டி ஓட்டுகிறவர்கள், ஆயாக்கள். அந்தத் தெருக்கள் எந்தப் பக்கம் சாய்கின்றனவோ அந்தப் பக்கம்தான் தொகுதி சாயும். "யாருக்குப் போடச் சொல்றீங்கக்கா?" என்று பெண்களே வந்து கேட்பார்கள். "ஓட்டு உன் வீட்டு அடுப்பு. அதுல வந்து நான் எதுக்கு ஊதணும்?" என்று சொல்லித் துரத்திவிடுவாள்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு தடவை ஊதினாள்.

வக்கீலால் வந்தது அது. அவர் முதன்முதலில் அந்தப் படிகளில் இறங்கி வந்தது ஒரு விபத்துக்குப் பிறகு. உருளையில் போர்வை கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் விரல்கள் உள்ளே மாட்டிக்கொண்டன. "அவளோட அஜாக்கிரதை" என்று நிர்வாகம் எழுதி மூடப் பார்த்தது. போதுமக்கா அங்கே இங்கே விசாரித்து, நடுவயது தாண்டாத ஒரு வக்கீலைப் பிடித்தாள். கோர்ட்டுக் கறுப்புக் கோட்டோடு அவர் கீழே வந்து, கவிழ்த்து வைத்த துணிக்கூடைமேல் உட்கார்ந்து, உருளை எப்படி ஓடுகிறது, கை எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எழுந்தபோது கோட்டெல்லாம் பஞ்சு. "வக்கீலுக்கு நரைச்சுப்போச்சு!" என்று ஒருத்தி கத்த, அத்தனை பேரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கேஸ் இழுத்துக்கொண்டே போனது. விடவில்லை, ஜெயித்தார். அந்தப் பெண்ணுக்கு நஷ்டஈடு வந்தது; உருளைக்கு முன்னால் கை போகாதபடி கம்பித் தடுப்பு வந்தது. அன்றிலிருந்து அவர் அவளுக்கு வக்கீல் தம்பி. அவள் அவருக்கு அக்கா. அவர் அம்மா செத்தபோது வீட்டுக்குள் நின்று காரியங்களைக் கவனித்துக்கொண்டவளும் அவள்தான்.

அந்த வருஷம் சட்டசபைத் தேர்தலுக்கு முன்னால் ஒரு செய்தி கசிந்தது. சலவைக்கூடத்தை மூடிவிட்டு, துணிகளை வெளியே ஒரு கம்பெனிக்குக் கொடுக்கப்போகிறார்களாம். ஆளுங்கட்சியின் முடிவு. தொகுதி எம்.எல்.ஏ. ஆளுங்கட்சிக்காரர். சங்கத்திலிருந்து போய்க் கேட்டபோது, "உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொல்லிக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போதுதான் வக்கீல் வந்தார். "சுயேச்சையா நிக்கப்போறேன்கா. ஜெயிச்சா முதல் பேச்சே உங்க சலவைக்கூடத்தைப் பத்தித்தான்."

"நில்லுங்க தம்பி. நல்லது."

"எனக்குக் கொடி கிடையாது, கூட்டம் கிடையாது. நீங்க எனக்காக ஒரு வார்த்தை சொல்லணும்."

"நான் சொல்றதில்லைன்னு உங்களுக்கே தெரியும்."

"அதனாலதான்கா கேக்கறேன். தினமும் சொல்றவங்க சொன்னா யாரு திரும்பிப் பாப்பா?"

யோசித்துச் சொல்வதாக அவரை அனுப்பினாள். வீட்டில் போய்ப் புருஷனிடம் சொன்னாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் லிஃப்டை வைத்துத்தான் பேசுவார். "மேல போறவரைக்கும் எல்லாரும் பட்டனைத்தான் பாப்பாங்க. நடுவுல நின்னாத்தான் மெக்கானிக் ஞாபகம் வரும்" என்றார்.

"இவரு அப்படி இல்லைங்க."

"நான் யாரையும் சொல்லலையே. லிஃப்டைச் சொன்னேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சலவைக்கூடத்தை மூடினால் அத்தனை பெண்களும் என்ன செய்வார்கள் என்ற நினைப்பு சிரிப்பை விழுங்கிவிட்டது. சும்மா இருப்பதும் ஒரு பக்கம் சாய்வதுதானே என்று தோன்றியது. மறுநாள் ஷிஃப்ட் மாறுகிற நேரம், இரண்டு ஷிஃப்ட் ஆட்களும் கூடி நிற்கும்போது, உருளையை நிறுத்தச் சொன்னாள்.

"இதுவரைக்கும் நான் யாருக்கும் சொன்னதில்ல. இந்தத் தடவை சொல்றேன். வக்கீல் தம்பிக்குப் போடுங்க. அவரு நமக்காக நின்னவரு. அவருக்கு நான் பொறுப்பு."

பொறுப்பு என்ற அந்தச் சொல்லை அவள் யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது, சொல்லிவிட்டாள்.

மடிக்கிற மேஜையில் நின்றவர்களில் அவளுடைய சம்பந்தியும் ஒருத்தி. இவள் மகளை அவள் மகனுக்குக் கொடுத்திருந்தது. சம்பந்தியின் குடும்பம் தலைமுறையாக ஆளுங்கட்சி. அவளுடைய அண்ணன் அந்தத் தெருவில் கட்சிக்கு எல்லாமே. உணவு இடைவேளையில் சம்பந்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க சொன்னா நான் போட்டுடறேன் சம்பந்தி. எங்க வீட்டுல அஞ்சு ஓட்டையும் வாங்கித் தர்றேன். அண்ணன் மூஞ்சியில எப்படி முழிக்கிறதுன்னு மட்டும் நீங்களே சொல்லிக் குடுங்க."

"எதுக்கு முழிக்கணும்? கண்ணை மூடிக்கிட்டுப் போங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் சம்பந்தி வீட்டில் அது சிரிப்பாக முடியவில்லை. "பொண்ணு எடுத்த இடத்துக்குக் கட்சியையும் குடுத்துட்டியா?" என்று அண்ணன் கேட்டுவிட்டு, அன்றிலிருந்து தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை. சம்பந்தி அதையும் தாங்கிக்கொண்டாள்.

வேலை முடிந்து மாலையில் வக்கீலோடு போதுமக்கா தெருத்தெருவாகப் போனாள். அவர் பேசியதைவிட அவள் வாசலில் நின்றதுதான் வேலை செய்தது. "போதுமக்காவே இறங்கிட்டாங்களா? அப்ப விஷயம் பெரிசுதான்" என்று கதவுகள் திறந்தன. கிழிந்த துணி தைக்கிற மூலையில் பல காலம் உட்கார்ந்திருந்து ஓய்வு பெற்ற தையல் பெரியம்மா, காது சரியாகக் கேட்காதவள், இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு அந்த ஆளைத் தெரியாது. உன்னைத் தெரியும். உன் பக்கம்தான்" என்றாள். சுயேச்சை என்று சிரித்தவர்கள் மெல்ல வாயை மூடிக்கொண்டார்கள். வக்கீல் ஆபீஸ் வாசலில் கறுப்புக் கண்ணாடி போட்ட கார்கள் நிற்க ஆரம்பித்தன.

"யாரு தம்பி அதெல்லாம்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ரெண்டு கட்சியிலேர்ந்தும் பேரம் பேச வர்றாங்கக்கா. நேத்துவரைக்கும் என்னை ஆளாவே மதிக்கலை."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மசியற ஆளா நான்?"

அவளுக்குப் பெருமையாக இருந்தது. புருஷனிடம் போய்ச் சொல்லவும் செய்தாள். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவள் இல்லை அவள். எந்த அழுக்கு எந்தத் தண்ணீரில் போகும் என்று பார்த்துப் பார்த்தே காலம் தள்ளியவள். ஆனால் தன் வீட்டு ஆளை யாராவது தண்ணீரில் முக்கிப் பார்ப்பார்களா?

பிரசாரம் முடிகிற நாளில் பள்ளிக்கூட மைதானத்தில் கடைசிக் கூட்டம். சலவைக்கூடத்துப் பெண்கள் வேன் பிடித்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சம்பந்தி நடுவில். போதுமக்காவை மேடைமேல் ஏற்றினார்கள். மேடை ஏறி அவளுக்குப் பழக்கம் கிடையாது. ரெண்டு வார்த்தை பேசினால் போதும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதைத்தான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடையில் ஒரு நாற்காலி அதிகமாகக் கிடந்ததை அவள் கவனித்தாள். யாராவது பெரிய டாக்டர் வருவார் என்று நினைத்துக்கொண்டாள்.

பின்பக்கப் படியில் சலசலப்பு. ஏறி வந்தவர் எம்.எல்.ஏ. கூடவே அவர் ஆட்கள். கூட்டம் ஒரு கணம் புரியாமல் பார்த்தது. வக்கீல் எழுந்து போய் அவரைக் கட்டிப்பிடித்தார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

"நம்ம தொகுதியோட நன்மைக்காக, பல கட்டப் பேச்சுவார்த்தைக்கு அப்புறம், ஒரு நல்ல முடிவு எடுத்திருக்கோம். என் பேரு ஓட்டு மிஷின்ல இருக்கும். ஆனா என் ஓட்டு, உங்க ஓட்டு, நம்ம எல்லார் ஓட்டும் அண்ணனுக்குத்தான். இதை நான் தனியாச் சொல்லலை. இந்த மண்ணோட மனசாட்சி, நம்ம அக்காவும் சொல்றாங்க."

சொல்லிக்கொண்டே அவள் பக்கம் வந்தார். அவள் பாதி எழுந்திருந்தாள். பேசக் கூப்பிடுகிறார் என்று முகத்தில் ஒரு சிரிப்பு ஏற்கனவே வந்துவிட்டிருந்தது. வக்கீல் ஒரு கையைப் பிடித்தார், எம்.எல்.ஏ. இன்னொரு கையைப் பிடித்தார், இரண்டு பேரும் சேர்ந்து மேலே தூக்கினார்கள். கேமரா வெளிச்சம் கண்ணில் அடித்தது. காது கேட்டதை மனசு வாங்கிக்கொள்வதற்குள் படம் எடுத்து முடிந்துவிட்டது.

கையை இழுத்தாள். விடவில்லை. "தம்பி, என்ன இது?" என்றாள். "சிரிங்கக்கா, அப்புறம் பேசிக்கலாம்" என்று உதடு அசையாமல் சொன்னார் அவர். மைக் அதற்குள் வேறு யார் கைக்கோ போயிருந்தது.

"போதும்" என்றாள் அவள்.

மேடை ஓரத்தைக்கூட அது தாண்டவில்லை. கீழே பட்டாசுச் சத்தம் மாதிரி கைதட்டல். தட்டியவர்கள் பின்னால் புதிதாக வந்து நின்றிருந்த ஆட்கள். முன்வரிசையில் சம்பந்தி எழுந்து நின்று அவளையே பார்த்தாள். பிறகு திரும்பி, நாற்காலிகளை விலக்கிக்கொண்டு, வேன் பக்கம் போகாமல் நடந்தே போய்விட்டாள். ஒவ்வொருத்தியாக மற்றவர்களும் எழுந்தார்கள்.

மறுநாள் காலை அவள் வேலைக்குப் போகிற வழியில் வக்கீல் ஆபீசுக்குப் போனாள். எப்போதும் திறந்திருக்கிற கதவுக்கு வெளியே அன்று ஒரு ஆள் நின்று, "என்ன விஷயம்?" என்று கேட்டான். "அக்கா வந்திருக்கேன்னு சொல்லு" என்றாள். உள்ளே விட்டார்கள்.

வக்கீல் எழுந்து நின்றார். அந்த மரியாதை குறையவில்லை. "உக்காருங்கக்கா. கோவமா இருப்பீங்க. நியாயம்தான்."

"நியாயத்தை நீங்க சொல்லாதீங்க. ஏன் இப்படிப் பண்ணினீங்க?"

"நின்னாலும் ஜெயிக்க மாட்டேன்கா. ஓட்டைப் பிரிச்சு எவனோ ஒருத்தனை ஜெயிக்க வச்சிருப்பேன். இப்ப உள்ள போறேன். தொழிலாளர் நல வாரியத் தலைவர் பதவி தர்றதா சொல்லியிருக்காங்க. உள்ள இருந்துதான் ஏதாவது செய்ய முடியும்."

"சலவைக்கூடம்?"

"பேசுவேன்."

"பேசிட்டீங்களா, பேசுவீங்களா?"

அவர் மேஜைமேல் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். "எல்லாம் ஒரே நாள்ல நடக்காதுக்கா."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டிருந்தா ஒத்துக்கிட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கலை." அவர் அதைச் சிடுசிடுப்பாகச் சொல்லவில்லை, கணக்கு வாத்தியார் விடையைச் சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொன்னார். "உண்மையைச் சொல்றேன், கேளுங்க. அவங்க என்னைக் கூப்பிட்டதே நீங்க என் பக்கம் இருந்ததாலதான். நீங்க இல்லாம நான் வந்தா அவங்களுக்குப் பிரயோஜனமில்லை. உங்க பேருக்கு எவ்வளவு மதிப்பு இருக்குன்னு உங்களுக்கே தெரியாது."

 ஏதோ பரிசு கொடுக்கிறவர் மாதிரி அல்லவா பேசுகிறார்! "எனக்குத் தெரியாததுதான் தம்பி தப்பு. உங்க அம்மா செத்தப்ப வீட்டைக் கூட்டிப் பெருக்கினவ நான். அன்னிக்கு என் பேருக்கு என்ன மதிப்புன்னு நீங்க பாத்துக்கிட்டிருந்தீங்களா?"

 பதிலுக்குக் காத்திருக்காமல் வெளியே வந்தாள்.

சலவைக்கூடத்தில் இறங்கியபோது யாரும் அவளிடம் சண்டைக்கு வரவில்லை. சண்டைக்கு வந்திருந்தால் தேவலை. இருக்கிற மிஷினெல்லாம் ஓடிக்கொண்டிருந்தன, மனுஷச் சத்தம் மட்டும் இல்லை. நீராவிக் குழாயில் அந்தப் படம் ஒட்டியிருந்தது. இரவோடிரவாக அச்சடித்துத் தெருவெல்லாம் ஒட்டிவிட்டிருந்தார்கள். நடுவில் அவள், இரண்டு பக்கமும் இரண்டு பேர், மூன்று பேர் முகத்திலும் சிரிப்பு. அவள் அதைக் கிழித்தாள். உருளையை நிறுத்தினாள்.

"எனக்குத் தெரியாது. சத்தியமா எனக்குத் தெரியாது. என்னையும் சேத்துத்தான் ஏமாத்தினாங்க. நான் சொன்னதை மறந்துடுங்க. உங்க மனசுக்குப் பட்டவங்களுக்குப் போடுங்க."

ஒருத்தி கேட்டாள்: "பொறுப்புன்னு சொன்னீங்களேக்கா?"

இன்னொருத்தி மெதுவாக, ஆனால் கேட்கிற மாதிரி: "என்ன குடுத்தாங்களாம்?"

உருளையில் விரலை இழந்த பெண் இப்போது துணிக் கணக்குச் சீட்டு எழுதுகிற வேலையில் இருந்தாள். அவள் மட்டும் எழுந்து வந்து, "அக்காவை அப்படிப் பேசாதீங்க" என்றாள்.  சம்பந்தி தலை நிமிராமல் தலையணை உறைகளை மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

அன்று மாலை எதிர்க்கட்சிக்காரர்கள் அவள் வீட்டுக்கு வந்தார்கள். "எங்களோட வந்து நின்னு நடந்ததைச் சொல்லுங்கம்மா. படம் பிடிச்சு ஊர் பூரா போட்டுடறோம். உங்க மேல இருக்கிற பழியும் போகும்." அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. புருஷனும் உள்ளே வந்து, "போய்ச் சொல்லிடேன். உண்மை எங்க நின்னு சொன்னா என்ன?" என்றார். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். இன்னொருத்தன் பக்கத்தில் நின்றால் இன்னொரு படம். அதை யார் எதற்கு விற்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? தானே வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொள்வதாகச் சொல்லி அவர்களை அனுப்பினாள். அது சரியா தப்பா என்று பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறாள். விடை கிடைத்ததில்லை.

வீடு வீடாகப் போகவும் செய்தாள். முன்னே திறந்த கதவுகள் பாதிதான் திறந்தன. "போன வாரம் ஒண்ணு சொன்னீங்க, மேடையில ஒண்ணு சொன்னீங்க, இப்ப ஒண்ணு சொல்றீங்க. நாங்க எதை எடுத்துக்கிறது?" என்று ஒரு வாட்ச்மேன் கேட்டார். அவர் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எல்லாத் தெருவுக்கும் போய்ச் சேருவதற்குள் தேர்தல் நாள் வந்துவிட்டது.

ஓட்டுச் சாவடி வாசலில் தையல் பெரியம்மாவைப் பார்த்தாள். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தாள். மை வைத்த விரலைத் தூக்கிக் காட்டி, முகமெல்லாம் சிரிப்பாக, "நீ சொன்னபடியே போட்டுட்டேன்மா!" என்றாள்.

"யாருக்குப் பெரியம்மா?"

"நீ கை தூக்கிக்கிட்டு நிக்கிறியே, அந்த ஆளுக்கு. எங்களுக்கு ஆகவே ஆகாத கட்சிதான். ஆனா நீயே நிக்கறேன்னா காரணம் இல்லாமலா இருக்கும்?"

போதுமக்கா வாயைத் திறந்தாள். கிழவி காதுக்குக் கேட்கிற மாதிரி கத்திச் சொல்லவேண்டும். வரிசையில் நிற்கிறவர்கள் எல்லோரும் திரும்புவார்கள். சொல்லித்தான் என்ன? போட்ட ஓட்டைத் திரும்ப எடுக்க முடியுமா? "வெயில்ல நிக்காதீங்க, வீட்டுக்குப் போங்க" என்று மட்டும் சொன்னாள். அவள் சொன்னதை நம்பாதவர்கள் தங்கள் இஷ்டத்துக்குப் போட்டார்கள். அவளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினவர்கள்தான் அந்தப் படத்தையும் நம்பினார்கள். 

எம்.எல்.ஏ. ஜெயித்தார். வித்தியாசம் கொஞ்சம்தான். ஆஸ்பத்திரித் தெருக்கள்தான் கரையேற்றின என்று டி.வி.யில் பேசினார்கள். "அடித்தட்டு மக்களோட ஆதரவு எங்களுக்குத்தான்னு நிரூபணமாயிடுச்சு" என்று வக்கீல் சொன்னார். அவர் உடம்பில் இப்போது வெள்ளைச் சட்டை. சொன்னபடி வாரியத் தலைவர் பதவியும் வந்தது.

மழைக்காலம் தொடங்கும்போது சலவைக்கூடத்தை மூடினார்கள். கம்பெனி லாரி காலையில் அழுக்கை ஏற்றிப்போய் மறுநாள் சலவையைக் கொண்டுவந்து இறக்கியது. மிஷின்களைக் கழற்றி எடுத்துப்போனார்கள். உருளை கதவுக்குள் நுழையவில்லை என்று வெட்டி எடுத்தார்கள். பெண்களில் சில பேரைக் கம்பெனி குறைந்த சம்பளத்துக்குச் சேர்த்துக்கொண்டது. சில பேரை ஆஸ்பத்திரியிலேயே தரை துடைக்கப் போட்டார்கள். சில பேர் வீட்டோடு நின்றுபோனார்கள்.

போதுமக்காவை மட்டும் மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டார். கம்பெனிப் பக்கத்தில் சூப்பர்வைசர் வேலை ஒன்று இருக்கிறதாம். "மேலேயிருந்து உங்க பேரைச் சொல்லியிருக்காங்க. யாருக்கும் கிடைக்காத சான்ஸ்."

"யாரு சொன்னா?"

மேனேஜர் சிரித்தார். "அது உங்களுக்கே தெரியும்."

"மத்தவங்க செய்யற வேலையையே எனக்கும் போடுங்க சார்."

"யோசிச்சுச் சொல்லுங்க. இதை விட்டா வார்டு வேலைதான்."

"வார்டு வேலையே போடுங்க."

அந்த வேலையை அவள் வேண்டாம் என்று சொன்னது ஊருக்குத் தெரியவரவில்லை. கொடுக்க முன்வந்தது மட்டும் எப்படியோ தெரிந்துவிட்டது. அவள் மூன்றாம் மாடி வார்டில் துணி வண்டி தள்ள ஆரம்பித்தாள். அதே வார்டில் சம்பந்தி தரை துடைத்தாள். வண்டி வந்தால் வாளியை ஒதுக்கி வைத்து வழி விடுவாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். மகள் வீட்டுக்கு இவள் போகிற நாளில் அவள் கோயில் குளம் என்று எங்கேயாவது கிளம்பிவிடுவாள். மகள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, பேச்சைச் சுமந்து சுமந்து இளைத்தாள். "அம்மா, நீ ஏதாவது சொல்லேன்" என்பாள். சொல்ல இவளிடம் என்ன மிச்சம் இருந்தது?

ஒருநாள் காலை வார்டில் ஒரே பரபரப்பு. வாரியத் தலைவர் பார்வையிட வருகிறாராம். வக்கீல் பத்துப் பேர் சூழ வந்தார். கட்டில் கட்டிலாக நின்று நலம் விசாரித்துக்கொண்டே வந்தவர், வண்டியோடு ஓரமாக நின்ற இவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து பக்கத்தில் வந்தார்.

"அக்கா! நல்லா இருக்கீங்களா?" கூட வந்தவர்கள் பக்கம் திரும்பினார். "இவங்க நம்ம ஆளு. நம்ம ஜெயிச்சதே இவங்களாலதான்."

யாரோ கேமராவைத் தூக்கினார்கள். வக்கீலின் கை அவள் கையைத் தேடி நீண்டது. அவள் இரண்டு கையையும் வண்டிக் கம்பியிலிருந்து எடுக்கவில்லை.

"நான் உங்க ஆளு இல்லீங்க" என்றாள்.

வார்டு அமைதியாக இருந்ததால் கடைசிக் கட்டில்வரை கேட்டது. ஒரு நோயாளி எழுந்து உட்கார்ந்து பார்த்தார். வக்கீல் சிரித்தார், பெரிய நகைச்சுவையைக் கேட்ட மாதிரி. "அக்காவுக்கு என்மேல உரிமை ஜாஸ்தி, அப்படித்தான் பேசுவாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். கூட்டமும் சிரித்துக்கொண்டே பின்னால் போனது. அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு லிஃப்டுக்கு வந்தாள்.  அவ்வளவுதான் அவளால் முடிந்தது. அதையும் அவர் சிரித்தே துடைத்துவிட்டார்.

அந்த வாரம் விடுமுறை நாளில் மகள் வீட்டுக்குப் போனபோது சம்பந்தி எங்கேயும் கிளம்பவில்லை. சமையலறையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இவள் எதிரில் உட்கார்ந்து, கேட்காமலே இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டாள். மகள் நைசாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

சம்பந்தி கத்தரிக்காய்த் தட்டு ஒன்றை அவள் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"வார்டுல நீங்க சொன்னது கேட்டுச்சு" என்றாள் சம்பந்தி.

"ம்."

"அன்னிக்கு உங்களுக்குத் தெரியாதுன்னு சொன்னீங்களே, நிஜமாவே தெரியாதா?"

"தெரியாது சம்பந்தி."

சம்பந்தி நறுக்கியதைத் தண்ணீரில் போட்டாள். "நம்பறேன். எப்பவோ நம்பிட்டேன்னு வச்சுக்குங்க. ஆனா நான் முன்னாடி உக்காந்திருந்தேன். நீங்க சிரிச்சீங்க. அது மட்டும் மனசை விட்டுப் போகமாட்டேங்குது. என்ன பண்ணட்டும்?"

"பேசக் கூப்பிடறாருன்னு நினைச்சுச் சிரிச்சேன்."

"சரி."

"உங்க அண்ணன்?"

"இன்னும் வரலை. அவரு கட்சிதான் ஜெயிச்சுது, ஆனாலும் வரலை. நான் கட்சி மாறினதுதான் அவருக்குக் கணக்கு." சம்பந்திக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. "எனக்கு அண்ணனும் போச்சு, சலவைக்கூடத்து வேலையும் போச்சு. உங்களுக்கு என்ன போச்சுன்னு எனக்குத் தெரியாது."

 போதுமக்கா வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பாள். சம்பந்தி வீட்டுச் சமையலறையில் அழுவது முறையில்லை என்று நினைத்தாளோ என்னவோ, கத்தியை வைத்துவிட்டுக் கண்ணைப் புறங்கையால் அழுத்திக்கொண்டாள்.

"வெங்காயம் நான் நறுக்கறேன், விடுங்க" என்று சம்பந்தி அவள் முன்னாலிருந்த தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்தத் தட்டில் வெங்காயமே இல்லை.